செருப்பு போன வழி

அக்கா பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: "ஊர் சுற்ற ஆசையாக இருக்கிறது அக்கா, ஆனால்..." இந்தத் தடவை அந்த 'ஆனால்'களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாமியார் கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: எனக்கு 46 வயது. வருடத்துக்கு இரண்டு டூர் போகிறோம். மே மாதம் கொடைக்கானல், தீபாவளி லீவுக்கு மூணாறு. ரூம், வண்டி, சாப்பாடு எல்லாவற்றையும் கணவர் முன்கூட்டியே புக் செய்துவிடுவார். திரும்பி வந்தால் ஃபோனில் 600 படம் இருக்கிறது, மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் சின்ன வயதில் அமராவதி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி விளையாடிய ஒரு மத்தியானம் இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் ஏதாவது கோளாறா?
- ஒரு வாசகி, கரூர்

கோளாறு உங்களிடமும் இல்லை, மூணாறிடமும் இல்லை. நான் இட்லி மாவு வாங்கப் போன கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் பிறந்தது திருச்சி வரகனேரியில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குப் பக்கத்தில். ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால் அது. உய்யக்கொண்டான் என்பதே அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி ஊருக்குள் நுழைந்து வெளியேறி, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடுகிறது. எங்களுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. துணி துவைக்கிற, மாடு கழுவுகிற, மத்தியானத்தில் பையன்கள் பாலத்திலிருந்து குதிக்கிற வாய்க்கால், அவ்வளவுதான்.

1977-இல் எனக்கு 10 வயது. ஆவணி மாதம், சாயங்காலம் 5 மணி இருக்கும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வலதுகால் செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூழ்கித் தொலைந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அது மிதந்தது. ஒரு சுழிப்பில் நின்று, அரை வட்டம் திரும்பி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பியது. கரையோடு கூடவே ஓடினேன். ஒரு வேலி வந்து கரை முடிந்துபோனது. அதற்குமேல் செருப்பு தனியாகப் போயிற்று.

வீட்டில் அடி. மிச்சமிருந்த இடதுகால் செருப்பை, 'அது கிடைத்தால் ஆகும்' என்று அம்மா பரண்மேல் போட்டு வைத்தாள். பாட்டி, அது இந்நேரம் கடலுக்குப் போயிருக்கும் என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கடலுக்கெல்லாம் போகாது. வாழவந்தான்கோட்டை ஏரிக்குத்தான் போகும்" என்றார்.

வாழவந்தான்கோட்டை! என் செருப்பு ஒரு கோட்டைக்குப் போகிறது. அகழி, கொத்தளம், யானை எல்லாம் கண்ணில் ஓடியது. "நாளைக்குப் போய்ப் பார்க்கலாமாப்பா?" என்றேன். "போகலாம், போகலாம்" என்றார். அப்பாக்கள் சொல்கிற 'போகலாம்' என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் நவம்பரில் திருச்சிக்குள் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு வாய்க்கால் பக்கமே விடவில்லை. இரண்டு வருடத்தில் நான் பெரியவளானேன், தெருவைத் தாண்டியே விடவில்லை. அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள். 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒரு குழாய் தொட்டியை 3 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 5 மணி நேரத்தில் காலி செய்யும் என்று எத்தனை தொட்டிகளை நிரப்பியிருப்பேன்! நான் பிறந்த தெருவில் ஓடுகிற தண்ணீர் எந்தத் தொட்டியை நிரப்புகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்தான்.

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசி என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். கறி எடுக்கிற வேலை கிடையாது, மசாலா அரைக்கிற வேலை கிடையாது. காலை 7 மணிக்கு வயர் கூடையோடு மாவு வாங்கக் கிளம்பினேன். மாவும் வாங்கிவிட்டேன். திரும்பும்போது பாலத்தில் சும்மா நின்றேன். வாய்க்காலில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரை ஒரு கொத்து மிதந்து போனது. அதன் பின்னாலேயே நடந்தேன். இதற்குமேல் காரணம் கேட்காதீர்கள்.

வாய்க்கால் கரையில் நடந்தால் ஊரின் முதுகு தெரியும். தெருப்பக்கம் கிரானைட் ஒட்டிய வீட்டுக்கு இந்தப் பக்கம் பூசாத செங்கல். தண்ணீருக்கு இறங்குகிற பழைய படிக்கட்டில் மூன்று படி மிச்சமிருந்தது. மூன்றாவது படியில் குத்துவிளக்கைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "யாரைத் தேடுறீங்க?" என்றார். "யாரையும் இல்லம்மா, இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு பார்க்கப் போறேன்" என்றேன். அவர் வாய்க்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கூடையைப் பார்த்தார். "அது பாட்டுக்குப் போகுது. நீங்க ஏன் போறீங்க?" என்றார். சரியான கேள்விதான்.

எல்லாம் அழகு என்று பொய் சொல்ல மாட்டேன். சாக்கடை வந்து கலக்கிற இடத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒரு நாய் குரைத்துக்கொண்டே தன் எல்லை வரை கொண்டுவந்து விட்டது. அப்புறம் ஒரு வேலி வந்தது. 10 வயதில் அழுதுகொண்டு திரும்பிய அதே இடமா, வேறா, சொல்லத் தெரியவில்லை. சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. ஆனால் 58 வயதில் ஒரு வசதி உண்டு, வேலி வந்தால் பஸ் ஏறலாம். பால்பண்ணை ஸ்டாப்புக்கு நடந்து போய், துவாக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர். தேவர்கள் எறும்பாகி வந்து கும்பிட்ட குன்றுக் கோயில் திருவெறும்பூரில்தான் இருக்கிறது. இறங்கலாமா என்று ஒரு நிமிடம் ஆசை வந்தது. வேண்டாம், இன்றைக்குச் செருப்பு மட்டும்தான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

துவாக்குடியில் டீ குடித்துவிட்டு வழி கேட்டேன். பாதித் தூரம் ஆட்டோ, மீதி நடை. வாழவந்தான்கோட்டையில் என் கண்ணில் கோட்டையும் படவில்லை, யானையும் படவில்லை. சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அதைத் தாண்டினால் ஏரி. கரையில் கருவேல மரம், தண்ணீருக்குள் கழுத்துவரை எருமைகள், ஒரு மொட்டைக் கம்பத்தின்மேல் நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்து ஈரம் காயவைத்துக்கொண்டிருந்தது. அதாவது, வாய்க்காலின் கடைசித் தொட்டி.

கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டீச்சர் புத்தி. ரோடு வழியாகவே 15 கிலோமீட்டருக்கு மேல். வாய்க்கால் நெளிந்து வரும், 20 என்று வைப்போம். தண்ணீர் மணிக்கு 2 கிலோமீட்டர் நகர்ந்தால் 10 மணி நேரம். சாயங்காலம் 5 மணிக்கு விழுந்த செருப்பு, வழியில் எங்கும் சிக்காமல் இருந்திருந்தால், விடியற்காலை 3 மணிக்கு இங்கே வந்திருக்கும். நான் அழுது தூங்கிப்போன பிறகு, இருட்டில், யாரும் இல்லாமல். அந்த விடை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எருமை மேய்க்கிற பெரியவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தேன். அப்பா போய் 20 வருடம் ஆகிறது. பேப்பரிலிருந்து தலை நிமிராமல் சொன்னாலும் ஊரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வீடு திரும்பும்போது மணி 3. கூடைக்குள் மாவு புளித்துப் பொங்கி, பாக்கெட் வெடித்து, பர்ஸ், கண்ணாடிக்கூடு, வீட்டுச்சாவி எல்லாம் இட்லி மாவு. கணவர் காலையில் ரஸ்க் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்றார். "மாவு வாங்கப் போனியா, நெல் அறுக்கப் போனியா?" என்றார். பர்ஸுக்குள் இருந்த ரேஷன் கார்டில் இன்னும் அந்த வாசனை போகவில்லை.

கரூர் வாசகிக்கு இப்போது சொல்கிறேன். மூணாறில் எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு முன்பே வேறு யாரோ பட்டியல் போட்டுவிட்டார்கள். நீங்கள் போய், 'ஆமாம், இருக்கிறது' என்று சரிபார்த்துவிட்டு வருகிறீர்கள். விடைத்தாள் திருத்துகிற வேலை மாதிரி. அமராவதி மணலில் தோண்டும்போது எத்தனை சாணில் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் அந்த மத்தியானம் உங்களுடையது. பதில் கிடைக்காமல் விட்டுப்போன அற்பக் கேள்வி ஒன்று உங்களுக்கும் கட்டாயம் இருக்கும். 'அந்தச் சந்து எங்கே போய் முட்டும்?' அளவுக்கு அற்பமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றும் ஞாபகம் வரவில்லையா? உங்கள் அமராவதி காவிரியில் சேருகிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? திருமுக்கூடலூர். உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். இதையும் கணவரிடம் சொல்லி புக் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: பிறந்து வளர்ந்த ஊரில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு கல்லும் தெரியுமே.
- வாசகர், திருச்சி உறையூர்

நானும் அப்படித்தான் நினைத்தேன். சின்ன வயதில் கீழப்புலிவார் ரோட்டில் புலி வரும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ரோட்டில் நடப்பேன். வளர்ந்த பிறகு புலி இல்லை என்று தெரிந்தது, ஆனால் பெயரில் புலி எப்படி வந்தது என்று யோசித்ததே இல்லை. நான்கு வருடம் முன்னால், கண்ணாடிக் கடையில் 'ஒரு மணி நேரம் ஆகும்' என்றார்கள். சும்மா நடந்தேன். ஒரு கடைப் பலகையில் 'மேலப்புலிவார் ரோடு' என்று இருந்தது. அடுத்த கடைப் பலகையில் அதே ரோடு இங்கிலீஷில் 'வெஸ்ட் பொலிவார்டு'. நடு ரோட்டில் நின்றுவிட்டேன். பொலிவார்டுதான் நம் வாயில் புலிவார் ஆகியிருக்கிறது!

பொலிவார்டு என்ற சொல்லுக்கே மூலம் கோட்டைக் கொத்தளம். ஐரோப்பாவில் மதிலை இடித்த இடத்தில் போட்ட அகலமான ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. இங்கேயும் அதேதான். மலைக்கோட்டையைச் சுற்றி இருந்த மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துப் போட்ட ரோடுகள் இவை. மேலப்புலிவாரும் கீழப்புலிவாரும் நடந்தால் காணாமல் போன கோட்டைக்கு நீங்கள் பிரதட்சிணம் செய்கிறீர்கள் என்று அர்த்தம். மிச்சம் நிற்கிற வாசல் மெயின்கார்டு கேட். தினமும் அதன் வழியாகத்தான் வண்டி ஓட்டியிருப்பீர்கள். உறையூர்க்காரர் நீங்கள், உங்களிடம் போய் நான் சொல்கிறேன்!

கண்ணாடியை மறுநாள்தான் வாங்கினேன்.

கேள்வி: ஆசை இருக்கிறது அக்கா. ஆனால் கல்யாணமான பெண் ஒரு காரணமும் இல்லாமல் தனியாகச் சுற்றினால் தெருவில் என்ன பேசுவார்கள்?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பேசுவார்கள். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து கூடை. கையில் வயர் கூடையோ, டிபன் கேரியரோ, ஆஸ்பத்திரி ஃபைலோ இருந்தால் ஒரு பெண் இந்த நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கையை வீசிக்கொண்டு நடந்தால்தான் "என்ன, எங்க கிளம்பிட்ட?" என்ற கேள்வி வரும். இது நியாயமா என்றால், இல்லை. ஆண்களுக்குக் கூடை தேவைப்படுவதில்லை. நியாயம் வரட்டும், அதுவரை கூடையோடு போங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்த் திரும்புங்கள். ஒரே ஒருவரிடமாவது எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஒரு தெரு மனதுக்குச் சரியில்லை என்று பட்டால் விளக்கம் தேடாமல் திரும்பிவிடுங்கள், வீரம் வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் காசு கிடையாது. வேலைக்குப் போகத்தான் அந்த வசதி என்பார்கள். சரிதான், ஆனால் எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று என்னிடம் எந்த கண்டக்டரும் இதுவரை கேட்டதில்லை. தெரியாமல் தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டால் காசு கொடுக்க வேண்டியதுதான். அதைப் பாட்டுக் கச்சேரிக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூகுள் மேப் பார்க்கலாமா?
- வாசகர், சேலம்

திரும்பி வரும்போது.

கேள்வி: என் பையனுக்கு 9 வயது. ஃபோனை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். இந்த மாதிரி நடைக்குக் கூட்டிப்போனால் 'போர்' என்கிறான்.
- வாசகர், தஞ்சாவூர்

நீங்கள் கூட்டிப்போவதுதான் போர். அவன் உங்களைக் கூட்டிப்போகட்டும். என் தங்கை பேரனுக்கும் அதே வயது. உறையூரில் இறங்கியதும் அவனிடம் 50 ரூபாயைக் கொடுத்து, "மூலைக்கு மூலை இடதா வலதா என்று நீதான் சொல்லணும், பெரியம்மா பாட்டி பேசாம வருவேன்" என்றேன். முதல் பத்து நிமிடம் என்னைச் சோதித்தான். ஒரே தெருவை மூன்று முறை சுற்றினான். நான் வாயைத் திறக்கவில்லை. அது சுலபமில்லை, 31 வருடம் வாயால் பிழைத்தவள் நான். நான்காவது சுற்றில் 'டடக், டடக்' என்று ஒரு சத்தம் கேட்டு அவனே அந்தச் சந்துக்குள் திரும்பினான்.

திண்ணை வைத்த வீடு, உள்ளே குழித்தறி. நெசவுக்காரர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். இவன் வாசற்படியிலேயே ஒட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே, "வா, தம்பி. உனக்குக் கால் எட்டாது, கயித்தை மட்டும் இழு" என்று பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் காலால் மிதிக்க, இவன் கயிற்றை வெட்டி இழுக்க, ஊடை என்கிற குறுக்கு நூலைச் சுமந்த நாடா, பாவு என்கிற நெடுக்கு நூலுக்கு நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. மூன்றாவது இழுப்பில் நூல் அறுந்துவிட்டது. இவன் முகம் செத்துப்போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு விரலால் ஒரு முறுக்கு முறுக்கி இணைத்துவிட்டு, "ம்" என்றார். ஆறு இழை ஊடை இவன் போட்டது. அந்தச் சேலையை யார் கட்டுவார்கள் என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தான்.

50 ரூபாயில் சேமியா ஐஸ் வாங்கினான். எனக்கு ஒன்று, அவனுக்கு இரண்டு.

கேள்வி: வயது 68, முழங்கால் தேய்மானம். நடை என்ற பேச்சே எடுக்காதீர்கள்.
- வாசகி, ஸ்ரீரங்கம்

உங்கள் ஊரில் 1-ஆம் நம்பர் பஸ் இருக்கும்போது கால் எதற்கு? கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்து ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். கடைசி ஸ்டாப் வரை போய், ஒரு காபி குடித்து, அதே நம்பரில் திரும்புங்கள். ஸ்டாப் பெயர்களை மட்டும் காதில் வாங்குங்கள். மாம்பழச்சாலை என்கிறார்கள், மாம்பழ மண்டிகள் இருக்கின்றன, சரி. காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், திருச்சிக் கரையில், ஓடத்துறை என்கிறார்கள், பெயரில் மட்டும்தான் ஓடம் மிச்சம். இப்படி ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு பாட்டி கதை உங்களிடமே இருக்கும். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் பாக்கியசாலி, அல்லது அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்.

கேள்வி: இதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு. நான் வாரத்தில் ஆறு நாள், தினம் 12 மணி நேரம் நின்று வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தூக்கம்தான் என் டூர்.
- வாசகர், சிவகாசி

தூங்குங்கள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறேன். வேலையில் இருந்தவரை நான் ஒரு ஞாயிறுகூட இப்படிப் போனதில்லை. காலையில் துணி, மத்தியானம் விடைத்தாள் கட்டு. வாய்க்கால் பாலத்தை ஸ்கூட்டியில் நாளைக்கு இரண்டு தடவை தாண்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட நின்றதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகுதான் நிற்க நேரம் வந்தது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்தால் அது பொய்யாகிவிடும்.

கேள்வி: அக்கா, ஏரியில் செருப்பு கிடைத்ததா?
- இந்தப் பக்கத்தை டைப் செய்துகொண்டிருந்த தம்பி, பாதியில் ஃபோன் போட்டுக் கேட்டது

தண்ணீரோடு வந்த குப்பையெல்லாம் மதகு ஓரம்தான் ஒதுங்கியிருந்தது. ஒற்றைச் செருப்பு மட்டும் 9 எண்ணினேன். எதுவும் ஜோடி சேரவில்லை. நீல வார் வைத்தது ஒன்று இருந்தது, தம்பி. குச்சியால் திருப்பிப் பார்த்தேன், இடதுகால்.